சிவப்பு விளக்கும் வேப்பிலைக் கொத்தும்

கதிர்ச்சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நெருக்கடியில் நிதானமாக இருப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். ஆள் மாறிக் கேட்டுவிட்டீர்கள். நெருக்கடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நிதானத்தை மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். முதுகு முன்கூட்டியே ஓய்வு கேட்டதால் ஐம்பதுக்குள் வேலையை விட்டு வந்தவன் நான். மற்றபடி இருபது வயதிலேயே ஓய்வு கேட்ட உறுப்பு ஒன்று உண்டு. அது என் தைரியம். அதனால் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

அறுபதுகளின் கடைசி. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பாப்பாரப்பட்டி போகிற சாலையில் எங்கள் தர்ம ஆசுபத்திரி. யாரோ புண்ணியவான்கள் தானமாகக் கொடுத்த பழைய டீப் எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று அதில் இருந்தது. கன்னத்திலும் தொண்டையிலும் புற்று வந்தவர்கள் வாரக்கணக்கில் பக்கத்துக் கொட்டகையில் தங்கி, தினமும் அதன் கீழே படுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் பாஷையில் அது 'கரண்டு வைக்கிறது'. கரண்டு வைக்கிற ஆள் நான்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தடித்த சுவர், உள்ளே நான் நிற்க ஓர் ஈயக் கண்ணாடித் தடுப்பு, ஈயத்தகடு அடித்த கதவு, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தொடக்கூடாது. நோயாளிகள், ஆயாக்கள், வராந்தாவில் படுத்திருக்கும் நாய் வரை எல்லோரும் இதை மதித்தார்கள். நான் ஒருவன்தான் அதைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டேன். எப்படியென்றால், விளக்குக்குத் தனி சுவிட்ச் இருந்தது. இயந்திரத்தைத் தொடாமலே அதை எரிய விடலாம். இப்போது உங்கள் இயந்திரங்களில் விளக்கையும் கதவையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார்கள். என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான் பிணைத்திருப்பார்கள்.

எனக்கு ஊசி என்றால் பயம். அதிலும் அம்மை குத்துகிற ஊசி, தோலின் மேல் வைத்து வட்டமாகத் திருகுகிற வகை. சுகாதாரத் துறையிலிருந்து அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்து இறங்குவது வராந்தா முனையில் தெரியும். அடுத்த நிமிடம் என் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அவர் மரியாதை தெரிந்தவர். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விடுவார். இப்படியே சில வருஷங்களை ஓட்டினேன்.

அந்த வருஷம் மாவட்டத்தில் அங்கங்கே பெரியம்மை கண்டது. ஒரு நாள் கம்பைநல்லூர்க்காரர் ஒருவரை அவருடைய மச்சான் தூக்கிவந்து மேசையில் படுக்கவைத்தார். அந்த மச்சான் நல்ல மனிதர். மூன்று நாளாகத் துணைக்குத் தங்கியிருந்தார். அன்று முகம் கொஞ்சம் வாடியிருந்தது. வெயில் என்றார். நானும் வெயில்தான் என்றேன். அவருடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்து இரண்டு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன். (புகையிலை இல்லாமல். கன்னப் புற்று நோயாளிகள் நடுவில் அந்த அளவுக்கு வெட்கம் எனக்கு உண்டு.) மறுநாள் அவருடைய நெற்றியிலும் கையிலும் முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் டாக்டரம்மா அவரை ஊருக்கு வெளியே இருந்த தனிக் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார்.

டாக்டரம்மாதான் எங்கள் பிரிவின் தலைவி. அதட்டிப் பேசமாட்டார். குரலை இறக்குவார், அவ்வளவுதான். அன்று குரலை இறக்கிச் சொன்னார்.

"நல்லா கேட்டுக்கப்பா. கரண்டு வெச்சுக்கறவங்களுக்கு நாம அம்மை குத்த முடியாது. அவங்க ஒடம்பு அதத் தாங்காது. அதனால அவங்களச் சுத்தி இருக்கறவங்க அத்தனை பேரும் குத்திக்கணும். நாமதான் அவங்களுக்கு வேலி. ரூம முழுக்கக் கழுவி விடு. நாளைக்குக் காலையில குத்தறவர் வர்றார்." சற்று நிறுத்தினார். "எல்லாரும் குத்திக்கணும். 'மிசின் ஓடுது'ங்கற ஆளும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் அதற்காக வெட்கப்பட எனக்கு நேரமில்லை. நான் போட்ட வெற்றிலை வயிற்றுக்குள் நின்று என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

அறையை பினாயில் ஊற்றிக் கழுவினேன். ஒரு முறை கழுவினால் போதும். நான் கழுவிய கழுவலில் வராந்தா நாய் தும்மிக்கொண்டே எழுந்து போனது. பிறகு என்னைக் கழுவிக்கொண்டேன். கையில் ஒரு கொசுக்கடி இருந்தது. அது கொசுதானா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்படியும் மனம் அடங்கவில்லை. வளாகத்தில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. கை தானாக இரண்டு கொத்து ஒடித்தது. என் வூட்டில் யாருக்காவது உடம்பு சுட்டாலே வாசலில் செருகிவிடுவார்கள். பினாயில் பாதி, வேப்பிலை பாதி என்று கணக்குப் போட்டு, அந்த ஈயக் கதவின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன். கீழே ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வைத்தேன். விஞ்ஞானத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, நோயாளிகள் வருவதற்கு முன்பே, வளைவில் சைக்கிள் மணி கேட்டது. குத்துகிறவர்! உள்ளே ஓடினேன், கதவைச் சாத்தினேன், சிவப்பு விளக்கைப் போட்டேன். இயந்திரத்தைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அம்மைக்குப் பயந்து வேப்பிலை, ஊசிக்குப் பயந்து சிவப்பு விளக்கு. ஒரே கதவில் என் பயம் இரண்டும் சேர்ந்து தொங்கியது. வெளியே நின்று பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்று உறுத்தியது. தினமும் அந்த நேரத்தில் வராந்தாவில் பேச்சுச் சத்தமும் இருமலும் டிபன் கேரியர் உருளும் சத்தமும் கேட்கும். அன்று ஒன்றுமில்லை. மெதுவாகக் கதவைத் திறந்தேன்.

பெஞ்சு காலி. கதவில் மூன்று இடத்தில் குங்குமம். மஞ்சள் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். பெஞ்சின் கோடியில் காதர் பாய் மட்டும் உட்கார்ந்திருந்தார். தருமபுரிக் கடைவீதியில் வளையல் கடை வைத்திருப்பவர். தொண்டையில் புற்று. பேசவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருந்ததால் கிசுகிசுப்பாக, ஆனால் இடைவிடாமல் பேசுவார்.

"எங்க பாய் எல்லாரும்?"

"போயிட்டாங்க தம்பி. வந்தாங்க, பாத்தாங்க, செருப்பக் கழட்டுனாங்க, கும்பிட்டாங்க, திரும்பிட்டாங்க. வேப்பிலை கட்டியிருக்கு, மேல செவப்பா வெளக்கு எரியுது. அம்மன் மிசினுக்குள்ளயே எறங்கிட்டான்னு ஒருத்தர் சொன்னாரு. அப்புறம் பேச்சே இல்ல. ஒருத்தரும் சொல்லிக்காமகூட போனாங்க."

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வூட்டிலிருந்து யாரும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வேப்பிலை தொங்கினால் வெளியாள் உள்ளே நுழைவதும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தூரத்திலிருந்தே படித்துவிடுகிற பலகை அது. அந்தப் பலகையை நான் என் கையாலேயே புற்றுநோய்ச் சிகிச்சை அறையின் வாசலில் மாட்டியிருந்தேன்.

"நீங்க ஏன் பாய் போகல?"

"எனக்கு அந்தக் கணக்கு இல்ல. ஆனா ஒண்ணு தம்பி, அத்தன பேரு அப்படி ஓடறதப் பாத்தா எனக்கும் காலு நிக்கல. கீழ குனிஞ்சு செருப்பத் தேடறேன், ஆரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அதனாலதான் ஒக்காந்திருக்கறேன்."

முக்கால்வாசிப் பேர் கொட்டகையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா நேரில் போய் ஒவ்வொருவரிடமும் பேசித் திருப்பினார். ஒரு ஆள் மட்டும் அகப்படவில்லை. மாதம்மாள். ஏரியூர்ப் பக்கம், கன்னத்தில் புற்று. வந்தபோது அவள் வாய் ஒரு விரல் நுழையாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. கரண்டு வைக்க வைக்கக் கட்டி கரைந்து, அந்த வாரம்தான் களி உருண்டை விழுங்கினாள். அதைக் கொட்டகை முழுக்கச் சொல்லிக் காட்டினாள். அவள் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாளாம்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. வேப்பிலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"பாதியில நின்னா அந்தக் கட்டி திரும்பக் கெளம்பும். வெந்த தோல்ல மறுபடி மொதல்லயிருந்து ஆரம்பிக்க முடியாது. அவளுக்கு இது ஒரு தடவைதான். இன்னொண்ணு, அந்தக் கம்பைநல்லூர் மச்சான் நின்ன வராந்தாவுலதான் அவளும் நின்னா. அவ வூட்ல மக பிரசவமாகியிருக்கா, பச்சப் புள்ள. வூட்ல இருக்கறவங்களுக்கு இன்னைக்கே குத்தணும். ஜீப்ப எடுத்துட்டுப் போ. கூட அவரும் வருவார்."

அவர் என்றால் யார் என்று திரும்பினேன். தோளில் பையோடு குத்துகிறவர் நின்றுகொண்டிருந்தார். கிளம்பும்போது காதர் பாய் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு ஜோடி கருப்பு வளையல் எடுத்துக் கொடுத்தார். "பச்சப் புள்ளைக்கு. கண்ணு படாது," என்று கிசுகிசுத்தார்.

பென்னாகரம் தாண்டி ஏரியூர் போகிற சாலை அன்றைக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஜீப்பில் எங்கள் இருவருக்கும் நடுவே அந்தப் பை குதித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குதிக்கும் அதனுள்ளிருந்து ஒரு கிணுகிணுப்பு. நான் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தேன். அவர் பேச்சைத் தொடங்கினார்.

"சாருக்கு ரொம்ப வேலைங்களா?"

"ஆமாங்க. மிசின் ஓடிட்டே இருக்கும்."

"தெரியுமுங்க. போன தடவ வந்தப்பவும் செவப்பு லைட்டு. அதுக்கு முந்துன தடவயும் செவப்பு லைட்டு." வெற்றிலையை மென்று துப்பிவிட்டுத் தொடர்ந்தார். "ஒரு தடவ கரண்டே இல்லீங்க. லைட்டு எரியல. உள்ளாற இருந்து நீங்கதான் 'மிசின் ஓடுது, மிசின் ஓடுது'ன்னு கத்துனீங்க."

ஜீப் டிரைவர் சிரித்ததில் வண்டி ஒரு பள்ளத்தை விடாமல் இறங்கி ஏறியது.

மாதம்மாளின் வூடு சோளக்காட்டை ஒட்டி இருந்தது. குழந்தையை மார்போடு அணைத்தபடி மகள் வெளியே வந்தாள். "ஆத்தா வூட்டுக்குள்ள வரமாட்டேங்குதுங்க. அங்க மாட்டுக் கொட்டாய்ல இருக்குது. புள்ளயத் தூரமா வெச்சுக் காட்டச் சொல்லிப் பாத்துட்டு, கிட்ட வராதன்னு வெரட்டுது."

கொட்டாயை நோக்கி நடந்தேன். பாதி தூரத்திலேயே குரல் வந்தது.

"அங்கயே நில்லுங்க சாரு!"

நின்றேன். கொட்டாய் வாசலில் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கரண்டு வைக்க நான் கோடு போட்ட இடம் கறுத்துத் தெரிந்தது.

"அக்கா, வந்துருங்க. ஜீப்பு நிக்குது. மிசினுக்குள்ள அம்மன் ஒண்ணும் எறங்கல."

"வேப்பிலை கட்டியிருந்துச்சே?"

"அது நான் கட்டுனது."

"எதுக்குக் கட்டுனீங்க?"

"பயத்துல."

"ஆரு பயத்துல?"

"என் பயத்துலதாங்க்கா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பாதி வாய்தான் சிரித்தது. பிறகு முகம் இறுகியது.

"சாரு, எம் மூஞ்சி போனாப் போவுது. மூணு புள்ள பெத்து ரெண்ட மண்ணுல வெச்சவ நானு. இருக்கற ஒருத்திக்கு இப்பத்தான் ஒண்ணு பொறந்திருக்குது. நான் கொண்டாந்து அதுக்கு ஒட்ட வெச்சேன்னா அந்த வாயி தொறந்து என்ன, தொறக்காட்டி என்ன?"

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நீங்க சொல்றது நெசந்தாங்க்கா. அதனாலதான் அவரக் கூட்டியாந்திருக்கறேன். ஒங்களுக்குக் குத்த மாட்டாங்க. மகளுக்கு, மருமவனுக்கு, புள்ளைக்கு எல்லாத்துக்கும் குத்திருவாரு. அவங்க இங்க பத்திரமா இருப்பாங்க, நீங்க அங்க வந்து கரண்ட முடிச்சுக்கலாம். ஒங்களச் சுத்தி இருக்கறவங்கதான் வேலி."

அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"எம் மூஞ்சியத் தெனமும் தொட்டுத் திருப்பறது நீங்கதான?"

"ஆமாங்க்கா."

"நீங்க குத்திக்கிட்டீங்களா?"

எனக்குப் பின்னால் குத்துகிறவர் ஒரு முறை இருமினார். மரியாதை தெரிந்தவர் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவள் தன் பேரப்பிள்ளையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தவள்.

"இல்லீங்க்கா."

"அப்ப நான் வரல. வேலியிலயே ஓட்ட இருந்தா நான் எப்படிப் படுக்கறது?"

இதற்குள் ஊர் கூடிவிட்டது. குத்துகிறவரைக் கண்டு சோளக்காட்டுக்குள் ஓடியவர்கள்கூட, ஆசுபத்திரிச் சாருக்கே குத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்தார்கள். கயிற்றுக் கட்டில் ஒன்றை இழுத்துப் போட்டார்கள். சட்டைக் கையைச் சுருட்டினேன்.

குத்துகிறவர் காதோரம் குனிந்தார். "சார், சத்தம் மட்டும் போட்டுராதீங்க. நீங்க கத்துனா ஒரு ஆளு நிக்காது. பச்சப் புள்ளைக்கும் குத்த விடமாட்டாங்க."

துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன். ஊசி தோலில் பட்டதும் தோள் தானாகப் பின்னால் போனது. அவர் கையைப் பிடித்தார். மறுபடி போனது. அப்போது கொட்டாய்ப் பக்கமிருந்து மாதம்மாளின் குரல், நான் தினமும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசுகிற அதே இழுவையில் வந்தது:

"அசையாதீங்க... அசையாதீங்க... மூச்ச நிதானமா வுடுங்க... இதா முடிஞ்சுது... அசையாதீங்க..."

ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வாயில் துண்டு இருந்ததால் அது அழுகைபோல் வெளியே வந்தது. ஆனால் கை அசையவில்லை. திருகி முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் ஒன்றும் சிதறவில்லை. இந்த ஆளே தாங்கிவிட்டான், நமக்கென்ன என்று நினைத்திருக்க வேண்டும். மகளுக்குக் குத்தினார், மருமகனுக்குக் குத்தினார். பச்சைக் குழந்தை என்னைவிடக் குறைவாக அழுதது. பாய் கொடுத்த வளையலை மகளிடம் கொடுத்தேன். அவள் அதைக் குழந்தைக்குப் போட்டு, கொட்டாயைப் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். மாதம்மாள் அங்கிருந்தே பார்த்தாள். பிறகு எழுந்து, யார் பக்கத்திலும் வராமல் வரப்போரமாகவே சுற்றிவந்து ஜீப்பின் பின்பக்கம் ஏறிக்கொண்டாள்.

அடுத்த நாள் டாக்டரம்மா என் வேப்பிலையைக் குப்பையில் போடவில்லை. வளாகத்தின் பின்னால் ஒரு பழைய ஸ்டோர் ரூம் இருந்தது. அதைக் காலி செய்து, காய்ச்சலோ கொப்புளமோ கண்டவர்கள் தனியே இருக்கும் அறை ஆக்கினார். "'அனுமதி இல்லை'ன்னு எத்தன பலகை மாட்டினேன், ஒருத்தராவது மதிச்சாங்களா?" என்று கேட்டபடி, கொத்தை என் கையில் கொடுத்து அந்த வாசலில் கட்டச் சொன்னார். பிறகு ஒரு ஆள் வழி தவறிக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் கதவுக்கு வெளியே ஆயா தினமும் கோலம் போட்டாள், உள்ளே வரலாம் என்பதற்கு அடையாளமாக. கம்பைநல்லூர் மச்சானோடு வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் வரிசையில் கடைசி இடம். ஒவ்வொருவர் எழுந்ததும் மேசையைக் கழுவினோம். இந்த முறை நாய் தும்மாத அளவுக்கு.

எனக்குக் குத்தின இடம் பழுத்துக் காய்ச்சல் வந்தது. அந்தப் புண் நோயாளிகள் மேல் படக்கூடாது. ஆகவே பக்கு உதிரும்வரை நான் யாரையும் தொடக்கூடாது என்பது உத்தரவு. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்ல, டாக்டரம்மாவே நோயாளிகளின் முகத்தைத் திருப்பி வைத்தார். என் வாழ்க்கையில் ஒரு டாக்டரை நான் வேலை வாங்கிய காலம் அது ஒன்றுதான். இடையில் ஒரு நாள் கன்னத்தில் கொப்புளம் கண்டு, என் காலம் முடிந்தது என்று அவரிடம் ஓடினேன். கிட்டே வந்து பார்த்தார். "பரு. இந்த வயசுல வந்ததுக்குச் சந்தோஷப்படு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் இன்னொருவருக்கும் அம்மை வரவில்லை. அந்த மச்சான் பிழைத்து, முகத்தில் வடுக்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். வெற்றிலைப் பெட்டியை நீட்டினார். நான் வேண்டாம் என்று கும்பிட்டேன். காதர் பாய்க்குக் குரல் பாதி திரும்பியது. மீதிக்கும் சேர்த்து அவரே பேசினார்.

உங்களிடம் பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயப்படுகிறவன்தான் கையைக் கழுவுவான். ஆனால் உங்கள் பயத்தைக் கதவில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். அதை வாசிக்கிறவர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களிடம் போய், இது என் பயம் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாதம்மாளுக்குக் கடைசி நாள். விளக்கு அணைந்தது, கதவைத் திறந்தேன். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "கையக் காட்டுங்க," என்றாள். காட்டினேன். பக்கு உதிர்ந்து, வட்டமாகத் தழும்பு. திருப்தியாகத் தலையாட்டினாள். வாசல்வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க்கா?"

"எப்படிச் சொல்லிட்டுப் போறதுன்னு பாக்கறேன். அன்னைக்குச் சொல்லாமப் போயி ஒங்களுக்கு அவ்வளவு பாடு. 'வர்றேன்'னு சொன்னா, கரண்டு வெக்கற எடத்துல அப்படிச் சொல்லக்கூடாதும்பீங்க. 'போறேன்'னு சொன்னா அது செத்தவ பேச்சு."

அவளே யோசித்து முடிவுக்கு வந்தாள். முழு வாயும் திறந்து சிரித்தாள்.

"நீங்க அசையாம நில்லுங்க சாரு. நான் நடந்துக்கறேன்."

வராந்தாவைத் தாண்டி, கோலத்தை மிதிக்காமல் சுற்றி, கேட்டைக் கடந்து பஸ் நிற்கும் இடம் வரை அவள் நடந்து போனாள். நான் அசையவில்லை.